எலுமிச்சம்பழமும் எட்டு சிலிண்டரும்

மைசூரில் கார் விற்கத் தொடங்கிப் பதினாறு வருடம் ஆகிறது. அதில் பதினைந்தே முக்கால் வருடம் நான் ஒரே வண்டியைத்தான் திரும்பத் திரும்ப விற்றிருக்கிறேன். வெள்ளை நிறம், சின்ன உடம்பு, குறைந்த பெட்ரோல். மாடலின் பெயரைக் கம்பெனி அவ்வப்போது மாற்றும். வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளை மாற்ற யாராலும் முடியாது. மைலேஜ் எவ்வளவு, பின்னால் நாலு பேர் உட்காரலாமா, ஃப்ளோர் மேட் ஃப்ரீதானே? இந்த மூன்றுக்கும் எனக்குத் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் பதில் வரும். தூக்கத்திலும் வருகிறது என்று என் மனைவி சொல்கிறாள்.

மீதமுள்ள கால் வருடத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அந்த மூன்று மாதத்தில் நான் ஒரு வண்டியை விற்றேன். ஒன்றே ஒன்று. ஆனால் அதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிகிறது. வயிறு ஏற்கெனவே விரிந்துவிட்டதால் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஹுணசூர் ரோட்டில் இருக்கும் எங்கள் ஷோரூமுக்கு அந்த வண்டி வந்தது ஆடி மாதம். கன்னடத்தில் ஆஷாடம். ஆஷாடத்தில் இந்த ஊர்க்காரர்கள் புதுச் செருப்பு வாங்கக்கூட யோசிப்பார்கள். வெள்ளிக்கிழமை தோறும் சாமுண்டி மலையில் கூட்டம் அலைமோதும். ஷோரூமில் நாங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்போம். எங்கோ கடல் தாண்டி உட்கார்ந்து வண்டி அனுப்புகிறவருக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை.

லாரியிலிருந்து இறங்கியபோது அதன் மூக்குதான் முதலில் வந்தது. பிறகும் மூக்கே வந்துகொண்டிருந்தது. அவ்வளவு நீளமான பானெட். மாம்பழ மஞ்சள் நிறம், முன்னாலிருந்து பின்னால் வரை இரண்டு கறுப்புப் பட்டைகள், புருவத்தை நெரித்துப் பார்ப்பதுபோல வட்டமான ஹெட்லைட்டுகள். இதற்கு மசில் கார் என்று பெயர். அமெரிக்காவில் ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னால் சாதாரணக் காருக்குள் லாரிக்குப் போட வேண்டிய இன்ஜினைத் திணித்து இளவட்டங்களுக்கு விற்றார்களாம். அந்த வண்டியின் முகத்தை அப்படியே எடுத்து, இன்றைய வண்டிக்கு மாட்டி அனுப்பியிருந்தார்கள். வெளியே தாத்தா வேஷம். உள்ளே எட்டு சிலிண்டர் இன்ஜினும் எங்கள் வீட்டு டிவியைவிடப் பெரிய திரையும். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பஞ்சு மீசை ஒட்டிக்கொண்டு வரும் பையன்களைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல.

வண்டியோடு தலைமை அலுவலகத்திலிருந்து விற்பனைக் கையேடு ஒன்றும் வந்தது. அதன் சாரம் இதுதான்: காரை விற்காதே, ஞாபகத்தை விற்பனை செய். வாடிக்கையாளரிடம் அவருடைய இளமைக் காலத்தைக் கேள், நீண்ட நெடுஞ்சாலையை நினைவூட்டு, முதல் காதலை நினைவூட்டு. ஷோரூமைப் பழைய காலம்போல அலங்கரி.

அலங்காரத்துக்கு எங்கள் மேனேஜர், தசரா பொருட்காட்சியில் ஸ்டால் போடுகிற ஒருவரைக் கூப்பிட்டு, "ஓல்ட் லுக் வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது, எட்டு சிலிண்டர் காரின் வலது பக்கம் ஒரு மாட்டு வண்டிச் சக்கரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இடது பக்கம் அடுக்கடுக்காகப் பித்தளைக் குடங்கள். பானெட்டுக்கு மேலே ஒரு அரிக்கேன் விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏன்ரீ இது? காருக்கா, சீமந்தத்துக்கா?" என்றார் மேனேஜர். அவர் கன்னடக்காரர், எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவர். கோபம் வந்தால் இரண்டு மொழியும் ஒன்றாக வரும்.

"பழசுன்னா பழசுதானே சார்? இதைவிடப் பழசு வேணும்னா கல்லுல செஞ்சுதான் கொண்டு வரணும்" என்றார் அலங்காரக்காரர்.

மேனேஜர் போட்டோ எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். 'உள்ளூர்ப் பாரம்பரியத்தோடு அருமையாக இணைத்திருக்கிறீர்கள்' என்று பாராட்டு வந்தது. குடங்கள் அங்கேயே இருந்துவிட்டன.

இந்த வண்டிக்கும் எனக்கும் எப்படி முடிச்சு விழுந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அன்றைய கூட்டத்தில், இதை மைசூரில் யார் வாங்குவார்கள் என்று எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். மதியம் நான் பிஸிபேளேபாத்தை இரண்டு தட்டு சாப்பிட்டிருந்தேன். வயிறு நிறைந்தால் எனக்கு வாய் நிற்காது.

"விக்காதுன்னு யார் சொன்னது? என் கையில குடுங்க. ஆயுத பூஜைக்கு டெலிவரி குடுத்துக் காட்டறேன்" என்றேன்.

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். "ஆயித்து, சரி. நவராத்திரிக்கு முன்னாடி ஒரே ஒரு புக்கிங். வந்தா உங்களுக்கு மாலை. வரலேன்னா வண்டி பெங்களூருக்கு, நீங்க சாமராஜநகருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் முதலில் சிரித்தேன். மறுநாள் மாற்றல் கடிதம் தட்டச்சாகி, தேதி மட்டும் காலியாக விட்டு, அவர் மேஜை இழுப்பறையில் இருப்பதைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது.

சாமராஜநகரில் எங்கள் முதலாளிக்கு ஒரு டிராக்டர் கடை இருக்கிறது. டிராக்டர் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. ஆனால் என் சொந்த ஊரான மார்டள்ளி அதே மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே என் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் நிலம் இருக்கிறது. எல்லோருக்கும் டிராக்டர் வேண்டும். யாருக்கும் முழு விலை கொடுக்கும் எண்ணம் கிடையாது. அதைவிட, என் மனைவி இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் பத்தாம் வகுப்பு. மனைவிக்குக் காலை ஷிப்ட் வரும் நாட்களில் மகளைக் கிளப்பி, சாப்பாடு கட்டி, டியூஷனில் விட்டுப் பள்ளிக்கு அனுப்புவது நான்தான். நான் விடியற்காலை சாமராஜநகர் பஸ் ஏறினால் அவள் வேலையை விட வேண்டியிருக்கும். அந்த வேலை அவள் ஐந்து வருடம் அலைந்து வாங்கியது.

விஷயத்தைச் சொன்னதும் அவள் கத்தவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "நீங்க டிராக்டர் வித்தா மொதல் ஆளா எங்க அண்ணன் வந்து நிப்பான். ரெண்டாவது உங்க பெரியப்பா. யாருக்கு அதிகமா கொறச்சீங்கன்னு ரெண்டு பேரும் கட்டிப் புரளுவாங்க. அப்பறம் நான் ஊருக்கே போக முடியாது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, கத்தியை வைத்துவிட்டு, "என் வேலைய விடச் சொல்லிடாதீங்க" என்றாள். நான் கத்தியை எடுத்து மிச்ச வெங்காயத்தை நறுக்கினேன்.

ஆஷாடம் முடிந்து முதல் வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூஜை போட்டோம். அதுவரை அதை யாரும் ஓட்டவில்லை. பூஜை போடாத வண்டியை எப்படி ஓட்டுவது? பூஜாரி மஞ்சள் குங்குமம் வைத்து, பூசணிக்காய் சுற்றி, நான்கு சக்கரத்துக்கும் கீழே ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தார். நான் ஆயிரம் தடவை செய்த வேலைதான் மிச்சம்: ஏறி உட்கார்ந்து, முதல் கியர் போட்டு, பழத்தை நசுக்கிக்கொண்டு ஒரு அடி முன்னால் போக வேண்டும்.

நாங்கள் விற்கும் சின்னக் கார்களுக்கு ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தினால்தான் பழம் நசுங்கும். அவற்றை இழுப்பது முன் சக்கரம். இந்த வண்டியைத் தள்ளுவது பின் சக்கரம். கையேட்டில் நாலாம் பக்கத்திலேயே அது இருந்திருக்கிறது. நான் முதல் காதல் இருந்த பக்கத்தோடு நிறுத்திவிட்டேன்.

பழக்க தோஷத்தில் நன்றாக அழுத்தி, கிளட்ச்சை விட்டேன். கழுவி விட்டிருந்த ஈர டைல்ஸ் தரை, அதன்மேல் எலுமிச்சைச் சாறு. வண்டி முன்னால் போகவில்லை. நின்ற இடத்திலேயே பின் சக்கரங்கள் சுழன்றன. ஷோரூமே புகையில் மறைந்தது. வலது பின் சக்கரத்துப் பழம் நசுங்காமல் தப்பித்து, பீரங்கிக் குண்டு மாதிரி பின்னால் பாய்ந்து, கையைக் குவித்துக் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்த மேனேஜரின் வெள்ளைச் சட்டையில், நேராக மூன்றாவது பொத்தானில் அடித்தது. பூஜாரி குங்குமத் தட்டோடு தூணுக்குப் பின்னால் போனவர், சத்தம் அடங்கிய பிறகும் வெளியே வரவில்லை.

புகை கலைந்ததும் மேனேஜர் மெதுவாகச் சொன்னார்: "தசரா ஊர்வலத்துக்குப் பீரங்கி வெடிக்க இன்னும் நாள் இருக்கு. இப்பவே எதுக்கு விடறீங்க?"

என் சகா ஒருவன் இதை முழுவதும் போனில் எடுத்திருந்தான். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அது சுற்றிவிட்டது. இரவு பெரியப்பா மார்டள்ளியிலிருந்து போன் பண்ணினார். "ஏன்டா, எலுமிச்சம்பளத்த வெச்சு மேனேசரச் சுட்டுப் போட்டியாமா? உசுருக்கு ஒண்ணுமில்லீல்ல?" என்று உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார்.

அடுத்த சில வாரங்களுக்கு ஷோரூமில் திருவிழாக் கூட்டம். கல்லூரிப் பையன்கள், புதுமணத் தம்பதிகள், குழந்தைக்குப் பிறந்தநாள் படம் எடுக்க வந்த குடும்பங்கள். எல்லோருக்கும் படம் வேண்டும். பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மசில் காரில் சாய்ந்து நின்ற ஒரு பாட்டியம்மாவின் படத்தை மறக்கவே முடியாது. வாங்க மட்டும் ஆளில்லை.

வாங்க முடிந்தவர்களிடம் நான் கையேட்டைப் பிரயோகித்தேன். பட்டுப்புடவைக் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் குரலைத் தாழ்த்தி, "சார், கண்ணை மூடிக்கங்க. உங்க இளமைக் காலம். முன்னாடி நீளமான ரோடு. நீங்க, உங்க வண்டி..." என்றேன்.

அவர் உண்மையாகவே கண்ணை மூடினார். "எங்க வீட்ல ஒரு சைக்கிள் இருந்துச்சு. அதுவும் அண்ணனோடது. கேரியர்ல உக்காந்து போய் எனக்கு இங்க வலி" என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினார். பிறகு கண்ணைத் திறந்து, "லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

இன்னொருவர் வண்டியின் அடிவயிற்றைக் குனிந்து பார்த்து, "எங்க லேஅவுட்ல மட்டும் ஏழு ஸ்பீட் பிரேக்கர் இருக்கு. ஒண்ணொண்ணுலயும் இறங்கித் தூக்கி வைக்கணுமா?" என்றார். அமெரிக்காக்காரனின் ஞாபகத்தை மைசூர்க்காரருக்கு விற்பது எப்படி என்று கையேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அந்த முறை கடைசிப் பக்கம் வரை படித்தேன்.

ஆவணி போனது. புரட்டாசியில் முன்னோர்களுக்கான பித்ரு பக்ஷம் ஆரம்பித்தது. பதினைந்து நாள் மறுபடி யாரும் எதையும் வாங்க மாட்டார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். முகத்தில் கேலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "வெள்ளிக்கிழமை காலைல எட்டு மணிக்குப் பெங்களூர்லருந்து டிரக் வருது. அவங்க நவராத்திரிக்கு அங்க டிஸ்ப்ளே வைக்கணுமாம். ஸாரி கணோ" என்றார். இழுப்பறையைத் திறந்து, கடிதத்தில் தேதியை என் முன்னாலேயே எழுதினார். அன்று செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை மதியம், கூரையில் எல் போர்டு மாட்டிய ஒரு சின்ன வெள்ளைக் கார் எங்கள் வாசலில் வந்து, இன்டிகேட்டர் போட்டு, கோட்டுக்குள் அளந்து வைத்ததுபோல நின்றது. இறங்கியவருக்கு அறுபது வயதிருக்கும். பருத்திப் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. அவரை எனக்கு அடையாளம் தெரிந்தது; ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். எல்லோருக்கும் அவர் 'மிஸ்'. அவருடைய அப்பா கட்டட வேலைக்கு வந்து மைசூரில் தங்கிவிட்ட தமிழர். நான் அவரிடம் கற்றுக்கொண்டதில்லை. அது அடுத்த நிமிடமே வெளிப்பட்டுவிட்டது.

"அந்த எலுமிச்சம்பழம் யாரு?" என்று கேட்டார் மிஸ்.

ஐந்து சகாக்களும் ஒரே நேரத்தில் என்னைக் காட்டினார்கள். எங்கள் ஷோரூமில் ஒரு வாடிக்கையாளருக்கு அவ்வளவு வேகமாக யாரும் பதில் சொன்னதில்லை.

"நீதானா? கிளட்ச்ச விட்டியா, ஒதறினியா?"

"ஒதறிட்டேன் மிஸ்."

"என் ஸ்கூல்ல புது பேட்ச் வந்தா மொத நாள் உன் வீடியோவத்தான் போட்டுக் காட்றேன். எப்படி ஓட்டக் கூடாதுன்னு. ஆனா பாரு, நேத்து ஒருத்தன் என் வண்டி சக்கரத்துக்குக் கீழ எலுமிச்சம்பழத்த வச்சிட்டு ரேஸ் பண்றான். அந்த வீடியோவ அழிச்சிடுங்கன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

சொல்லிவிட்டார். ஆனால் போகவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்து, "மானுவலா?" என்றார். குரல் மாறியிருந்தது.

"ஆமாம் மிஸ். ஆறு கியர்."

"கதவத் தொற."

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, சீட்டை நகர்த்தி, மூன்று கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். கையேட்டை எடுத்தேன். "மிஸ், உங்க இளமைக் காலத்த ஒரு நிமிஷம் நெனச்சுப் பாருங்க..."

"என் இளமைக் காலமா? முப்பத்தி ரெண்டு வருஷம் எடது பக்க சீட்ல உக்காந்து, அடுத்தவன் ஓட்ற வண்டிக்கு நான் பிரேக் போட்டேன். அத எதுக்குப்பா நெனைக்கணும்? ஸ்டார்ட் பண்ணலாமா?"

பண்ணினார். வண்டி உறுமியது. இந்த இடத்தில் சொல்ல வேண்டிய வசனத்தைச் சொன்னேன்: "கேளுங்க மிஸ், அந்தக் காலத்து ஒரிஜினல் சத்தம்."

மிஸ் தலையைச் சாய்த்துக் கேட்டார். கதவின் உட்பக்கம் உள்ளங்கையை வைத்தார். "இன்ஜின் முன்னாடிதானே இருக்கு? சத்தம் என் முழங்கைகிட்டருந்து வருதே?"

என்னால் மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம் மாட்டிக்கொள்ள முடிகிறது என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னேன். இன்ஜினுக்கு ஒரு சத்தம் இருக்கிறது. போதாதென்று பழைய வண்டியின் உறுமலைப் பதிவுசெய்து ஸ்பீக்கர் வழியாகவும் கலந்து விடுகிறார்கள். பானெட்டின் மேலே இருக்கும் இரண்டு மூக்குத் துளைகளும் அடைத்தவைதான், காற்றுப் போகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். மாட்டியது மாட்டியாகிவிட்டது.

"மூக்கு இருக்கட்டும். கம்மலுக்கு மட்டும் என்ன வேலை இருக்கு, போட்டுக்கறோம்ல? ஆனா இன்ஜின் பொய் சொல்லக் கூடாது. அந்த ஸ்பீக்கர நிறுத்து. மேட்டுல வண்டி பின்னால போகாம தானே பிடிச்சுக்கும்னு ஒண்ணு வச்சிருப்பீங்களே, அதையும் நிறுத்து. நாளன்னிக்கு காலைல மலை ரோட்டுல ஓட்டிப் பாக்கறேன்."

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. "நாளைக்கே பாக்கலாமே மிஸ்" என்றேன். நாளைக்கு அவருடைய மாணவர்களுக்கு லைசென்ஸ் டெஸ்ட். அவர்களை விட்டுவிட்டு வர முடியாது.

அதை எல்லாம் எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது. சர்வீஸ் பிரிவின் மெக்கானிக் வந்து திரையில் ஏதேதோ தட்டி இரண்டையும் அணைத்தார். பிறகு இன்ஜினை மறுபடி போட்டபோது, மூன்று மாதமாக நான் கேட்காத ஒரு சத்தம் கேட்டது. உறுமல் இல்லை. அடித்தொண்டையில், நிதானமாக, தரை வழியாகக் காலில் ஏறும் சத்தம். அடுக்கி வைத்த பித்தளைக் குடங்கள் கிணுகிணுத்தன. மெக்கானிக் என்னைப் பார்த்து, "இவ்வளவு நாள் இதையா போர்வை போட்டு மூடி வச்சிருந்தோம்?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. சாமுண்டி மலை ரோட்டில் நடைபயிற்சிக்காரர்களைத் தவிர அதிகம் பேர் இல்லை. வலது சீட்டில் மிஸ், இடது சீட்டில் நான். நகரத்தைத் தாண்டும்வரை அவர் முப்பதைத் தாண்டவில்லை. ஏற்றம் ஆரம்பித்ததும் இரண்டாவது கியருக்கு இறக்கி, வளைவு முடிவதற்குள் அழுத்தினார். என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த வளைவில் என் வலது கால் தானாகவே தரையை மிதித்தது. அதற்கடுத்த வளைவில் இரண்டு காலும்.

மிஸ் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "கால் என்ன பண்ணுது?" என்றார்.

"பிரேக் தேடுது மிஸ்."

அவர் சிரித்தார். பள்ளிக்கூடப் பெண் மாதிரி, தோள் குலுங்கச் சிரித்தார். "அங்க இல்லப்பா. இன்னிக்கு ஒண்ணுதான் இருக்கு, அது என்கிட்ட இருக்கு."

மேலே, ரோடு அகலமாகும் ஒரு ஏற்றத்தில் ஓரமாக நிறுத்தி, "உன் போன எடு" என்றார். கொடுத்தேன். "எனக்கு எதுக்கு? எறங்கிப் போய்ப் பின் சக்கரத்துக்குப் பின்னாடி வை. ஒட்டி வை."

டிரைவிங் ஸ்கூல்களில் ஒரு பரீட்சை உண்டு. ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்துக்குப் பின்னால் தண்ணீர் பாட்டில் வைப்பார்கள். ஹேண்ட் பிரேக் தொடாமல், அரை கிளட்ச்சில் பிடித்து, பாட்டில் நசுங்காமல் முன்னால் எடுக்க வேண்டும். பாட்டிலுக்குப் பதிலாக என் போன். அதற்கு இன்னும் நான்கு தவணை பாக்கி. கார் விற்பவன் எதற்கும் மறுக்கக் கூடாது என்று கையேடு சொல்கிறது. வைத்துவிட்டு ஓரமாக நின்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது போன் அடித்தது. டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில், திரையில் மேனேஜர் முகம் பளிச்சிட, அதிர்ந்துகொண்டு, மெதுவாக டயருக்கு அடியில் நகர ஆரம்பித்தது.

"மிஸ்! போன் அடிக்குது!"

"அடிக்கட்டும். கிட்டப் போகாத" என்றார் மிஸ், ஜன்னல் வழியாக.

இன்ஜின் சத்தம் ஒரு இழை ஏறியது. வண்டி கொஞ்சம் நிமிர்ந்தது. எலுமிச்சம்பழத்தையும் என் மானத்தையும் பறக்கவிட்ட அதே எட்டு சிலிண்டர், ஒரு மயிரிழைகூடப் பின்னால் வராமல், தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல முன்னால் போனது. ஒரு கல்கூடத் தெறிக்கவில்லை. நடைபயிற்சிக்கு வந்த இரண்டு பேர் நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பிறகுதான் போனை எடுக்க வேண்டும் என்று நினைவு வந்தது.

"எங்கய்யா இருக்கீங்க?" என்று கத்தினார் மேனேஜர். "டிரக் சீக்கிரமே வந்துருச்சு. டிரைவர் கயிறு கையில வச்சிட்டு நிக்கறான். வண்டி எல்லி?"

நான் பதில் சொல்லும் முன் மிஸ் கையை நீட்டினார். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"குட் மார்னிங். டிரைவிங் ஸ்கூல் மிஸ் பேசறேன். அந்த டிரக்கத் திருப்பி அனுப்பிடுங்க. வண்டிய நான் எடுத்துக்கறேன்."

அந்தப் பக்கம் டிரக் டிரைவரிடம் ஏதோ கன்னடத்தில் சொல்வது கேட்டது. பிறகு மேனேஜர் மிகவும் பணிவாக, "மேடம், இப்ப பித்ரு பக்ஷ... நாள் நல்லா இல்ல, பரவாயில்லையா?" என்று கேட்டார். கையில் வந்த புக்கிங்கைத் தன் வாயாலேயே தள்ளிவிடும் நேர்மை அந்த மனிதருக்கு மட்டும்தான் வரும்.

"லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு நாளா பாக்கறாங்க? இன்னிக்கு எழுதிக்கங்க. ஆயுத பூஜைக்கு எடுத்துக்கறேன்" என்றார் மிஸ்.

இறங்கி வரும்போது கேட்டேன், நிஜமாகவேதானா என்று. ரிங் ரோடு வருவதற்கு முன்னால் வாங்கிப் போட்ட ஒரு காலி மனையை அவர் போன மாதம் விற்றிருந்தார். அந்தப் பணத்தில் வீடு கட்டி வாடகைக்கு விடச் சொல்லி மகன் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். "வாடகைக்காரன்கிட்டப் போய் நிக்கறதுக்கு இது பரவாயில்ல" என்றார். பிறகு, "அந்த வீடியோவ அழிக்க வேணாம். பசங்களுக்கு உபயோகமாத்தான் இருக்கு" என்று சேர்த்துக்கொண்டார். என் மானத்தைத் தவிர எல்லாமே அன்று திரும்பக் கிடைத்துவிட்டது.

ஷோரூம் வாசலில் டிரக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மேனேஜர் இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்து, நான்காகக் கிழித்து, என் சட்டைப் பையில் போட்டார். "சாமராஜநகருக்கு வேற ஆள் போறான்" என்றார். வீடியோ எடுத்த சகாதான். அவன் மாமனார் வீடு அங்கே இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொண்டான்.

மனைவிக்குப் போன் பண்ணினேன். அவள் ஷிப்டில் இருந்தாள். பின்னால் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். "டிராக்டர் இல்ல" என்றேன். அவள் அங்கே யாரிடமோ, "ஒரு நிமிஷம்" என்றாள். பிறகு, "சரி, பேஷண்ட் இருக்காங்க, வைக்கறேன்" என்றாள். வைப்பதற்கு முன்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் எனக்குக் கேட்டது.

ஆயுத பூஜை அன்று மிஸ் தன் மாணவர்கள் இருபது பேரோடு வந்து வண்டியை எடுத்தார். மாலைகளை வண்டிக்குப் போட்டு, மீதியை எனக்குப் போட்டார் மேனேஜர். நான் சாவியை மிஸ்ஸின் கையில் கொடுத்தேன். பிறகு அவர் கண்ணாடிகளைச் சரிசெய்து, பெல்ட் மாட்டி, ஹுணசூர் ரோட்டில் ஏற இடது இன்டிகேட்டர் போட்டார். பின்னால் மூன்று சிவப்புப் பட்டைகள் உள்ளேயிருந்து வெளியே ஒவ்வொன்றாக எரிந்து எரிந்து அணைந்தன. பண்டிகை நாள், ரோடு நிறைய வாழைக்கன்று கட்டிய லாரிகள். பாதை முழுவதும் காலியாகும்வரை மிஸ் நகரவில்லை. ஊரிலேயே வேகமான கார் எங்கள் வாசலில் ஐந்து நிமிடம் பொறுமையாக நின்றது. ஒரு ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. பிறகு வழி கிடைத்தது. அவர் முப்பதில் போய், நாற்பதில் போய், சிக்னலைத் தாண்டியதும் ஒரே ஒரு முறை அழுத்தினார். நாங்கள் எல்லோரும் வாசலிலேயே நின்று, அதன் சத்தம் தேய்ந்து மறையும்வரை கேட்டோம்.

அன்று மாலை கழுத்தில் மாலையோடு ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு திருப்பத்திலும் இன்டிகேட்டர் போட்டேன். எங்கள் வீட்டுக் கேட்டுக்குள் திரும்பும்போதும் போட்டேன். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மகள், "அப்பா, யாருக்குப்பா சிக்னல் காட்டறீங்க?" என்று கேட்டாள்.

"ஊருக்கு" என்றேன்.